பத்தாயத்துக்குள் ஒரு தாமரை

காலையிலிருந்து முற்றமெங்கும் பலா மரத்தின் மணம். அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த பத்தாயத்தை ஆசாரி கழற்றிக்கொண்டிருந்தார். நெல் போட்டுவைக்கும் பெட்டி அது. இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டில் நெல் இருக்கிறது? பின்னறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு, தலையில் பழைய செய்தித்தாள் கட்டுகளைச் சுமந்து கிடந்தது. அந்தப் பலகைகளில் ஒரு பெஞ்சு செய்துவிடலாம் என்று முடிவெடுக்க எனக்கு நான்கு வருடம் ஆயிற்று.

பழைய பலாப் பலகையில் இழைப்புளி ஓடும்போது பார்க்க வேண்டும். மேலே கறுத்துக் கிடப்பது சுருள் சுருளாக உரிந்து விழ, உள்ளிருந்து சக்கைச் சுளையின் நிறம் எட்டிப் பார்க்கிறது. எங்கள் பக்கம் பலாவைச் சக்கை என்றுதான் சொல்வோம். பழத்தின் வாசனை மரத்தில் கிடையாது. ஆனாலும் அந்தச் சுருளை முகர்ந்தால் நெல் தூசியும் மழைக்காலத்து இருட்டறையும் அம்மாவின் ஈரச் சேலையும் சேர்ந்து வந்து நிற்கின்றன.

"அண்ணாச்சி, இங்க வந்து பாருங்க. உள்பக்கத்துல யாரோ கோலம் போட்டிருக்காவ."

ஆணியால் கீறிய ஒரு பூ. நடுவில் வளைந்து நெளிந்த வட்டம், சுற்றிலும் இதழ்கள். தொடங்கிய இடத்தில் இதழ்கள் பெரிது பெரிதாக இருந்தன. சுற்றி வரும்போது இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடந்தன. பக்கத்தில் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி நிற்கும் ஓர் 'அ'.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகம் என்னும் முகப்புக் கூடத்துக் கூரையிலிருந்து இறங்கி எங்கள் நெற்பெட்டிக்குள் வந்து ஒளிந்துகொண்ட தாமரை அது. கொண்டுவந்தவளுக்கு அப்போது ஐந்து வயது.

அந்த வருடங்களில் நாங்கள் நாகர்கோவிலில் வாடகை வீட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். கன்னியாகுமரி கடற்கரைக்குப் போனால் கூட்டம், வெயில், வழியெல்லாம் சங்கும் பாசியும் விற்கும் கடைகளில் அழுகை. ஒருநாள் அம்மாதான் சொன்னாள், "பிள்ளைய கொட்டாரத்துக்குக் கூட்டிட்டுப் போயேன். நல்ல குளிர்ச்சியா கெடக்கும்." அம்மாவுக்கு அது எப்போதும் கொட்டாரம்தான். அரண்மனை என்ற சொல் அவள் வாயில் வந்ததேயில்லை.

தக்கலைக்குப் பேருந்து. அங்கிருந்து ஆட்டோ. 4 கிலோமீட்டர் சுற்றளவுள்ள கல்கோட்டைக்குள் நுழைந்து, வீடுகளும் கடைகளும் தாண்டிப் போனால் சாய்ந்த ஓட்டுக்கூரையும் மர முகப்புமாக அரண்மனை நிற்கும். முதல்முறை பார்த்ததும் மகள் ஏமாந்துபோனாள். அவள் படித்த கதைகளில் அரண்மனை என்றால் கோபுரமும் கொடியும் இருக்கும். "இது பாட்டி வீடு மாதிரில்லா இருக்கு," என்றாள். அம்மாவுக்கு அதைக் கேட்டு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. வீடு திரும்பும்வரை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

உண்மையில் குழந்தை சொன்னதுதான் சரி. கல்லில் கட்டிய வடக்கத்தி அரண்மனைகளைப் போன்றது அல்ல இது. மரமும் ஓடும் சுண்ணாம்புமாக, ஒரு கட்டோடு இன்னொரு கட்டு ஒட்டி ஒட்டி வளர்ந்த பெரிய குடும்ப வீடு. 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் தொடங்கினார், 1750 வாக்கில் மார்த்தாண்ட வர்மா புதுப்பித்தார் என்பது வரலாறு. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். அப்புறம் ராஜாக்கள் திருவனந்தபுரம் போய்விட்டார்கள். 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்தது. இன்றும் அப்படித்தான். அதனால் உள்ளே போனால் பலகைகளில் மலையாளம் இருக்கும். அம்மா திருவிதாங்கூர் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு எழுத்தும் படித்தவள். ஒவ்வொரு பலகை முன்னும் நின்று விரலால் தொட்டுத்தொட்டு வாசித்துச் சொல்வாள். 28 சக்கரக் காசு ஒரு ரூபாய் என்று கணக்குப் போட்டு வளர்ந்த ஆள். அன்று எங்களுக்கு அவள்தான் வழிகாட்டி.

வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். இந்த ஒரு விதியை நான் இன்றைக்கும் வாழ்த்துகிறேன். வெறுங்காலோடு நடந்தால்தான் அந்தத் தரை தெரியும். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் இலைச்சாறும் சேர்த்துப் போட்டது என்பார்கள். கறுத்து, வழவழத்து, உச்சிவெயிலிலும் தண்ணீர்போலக் குளிர்ந்து கிடக்கும். நாங்கள் பெரியவர்கள் தலையைத் தூக்கித் தூண்களையும் விதானத்தையும் பார்த்துக்கொண்டு போனோம். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தரையில் அவள் முகம் தெரிந்தது. நடந்தால் அதுவும் நடந்தது. இரண்டு அறை தாண்டுவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

குழந்தையோடு ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கைவிட வேண்டியது எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை. எனக்கு அது புரிய நான்கைந்து ஞாயிறு ஆனது. முதல்நாள் அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். பூமுகம், மந்திரசாலை, மணிமாளிகை, ஊட்டுபுரை, தாய்க்கொட்டாரம், உப்பரிகை மாளிகை, நவராத்திரி மண்டபம் என்று 6.5 ஏக்கரையும் ஒரே மூச்சில் காட்டினேன். வெளியே வந்ததும் "என்ன பாத்தே?" என்று கேட்டேன். "ஒரு பூனை," என்றாள். எந்தக் கட்டில் பூனை இருந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டோம். மந்திரசாலைக்கு மட்டும் ஒரு ஞாயிறு. ராஜா அமைச்சர்களோடு பேசிய அறை. சன்னல்களில் வண்ண மைக்கா தகடுகள். வெளிச்சம் அவற்றில் வடிகட்டிக்கொண்டு தரையில் விழும். மகள் அந்த வண்ணத்தின்மேல் பாதத்தை வைப்பாள், எடுப்பாள், பாதம் சிவக்கிறதா என்று பார்ப்பாள். இன்னொரு ஞாயிறு மணிமாளிகை. அந்த மணியோசை 3 கிலோமீட்டர் தூரம் கேட்கும் என்று அங்கே சொல்வார்கள். "நம்ம வீட்டுக்குக் கேக்குமா?" என்று கேட்டாள். கேட்காது என்றேன். இரவு படுத்தபிறகு "எனக்குக் கேக்குது," என்றாள்.

முற்றத்தில் ஓர் உருண்டைக் கல் இருக்கும். 38 கிலோ. படையில் சேர வந்த இளைஞர்கள் அதை 101 முறை தலைக்குமேல் தூக்கிக் காட்ட வேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து மகளுக்கு அந்தக் கல்தான் அரண்மனையிலேயே முக்கியமான சாமான். போகும்போதெல்லாம் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்து, கன்னம் உப்ப முக்குவாள். "அடுத்த வருசம் தூக்கிருவேன்," என்பாள். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் கட்டில் இருக்கிறது. 64 வகை மூலிகை மரங்களால் ஆனது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. நாங்கள் அதன் கால்களில் இருந்த செதுக்கு வேலையைப் பார்த்தோம். மகள் தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துக் கட்டிலின் அடியைப் பார்த்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் அவளுக்கு அடிப்பக்கம் பார்த்தாக வேண்டும். மேசைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், படிக்கு அடியில். "மேலத்தான் நல்லா இழைச்சிருக்கு, அடியில சொரசொரன்னு இருக்கு," என்று ஒருநாள் எங்கள் சாப்பாட்டு மேசையைப் பற்றிச் சொன்னாள். செய்தவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த சேதி அது.

காணாமல் போனதும் ஒருநாள் நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்த நாள். ஊட்டுபுரைக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் கையில் கை இல்லை என்று தெரிந்தது. மகள் மனைவியோடு இருப்பதாக நான் நினைத்திருக்கிறேன், என்னோடு இருப்பதாக மனைவி நினைத்திருக்கிறாள். வந்த வழியே திரும்பி ஓடினேன். ஒவ்வொரு நடையும் இன்னொரு நடையில் போய்த் திறக்கிறது, ஒவ்வொரு படியும் திரும்புகிறது. அந்த ஐந்து நிமிடம் அரண்மனை எனக்கு எவ்வளவு பெரியதாகிவிட்டது என்று இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது.

பூமுகத்தில் மல்லாந்து படுத்திருந்தாள். பக்கத்தில் அங்கே காவலுக்கு நிற்கும் அம்மா ஒருவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "பிள்ள எண்ணிட்டு இருக்கு. இப்ப கூப்பிட்டா மறந்திரும்."

பூமுகத்து விதானம் முழுக்கத் தாமரைகள். மரத்தில் செதுக்கி, தலைகீழாகத் தொங்கும் 90 தாமரைகள். ஒன்றைப்போல ஒன்று இருக்காது. அவற்றைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கழுத்து வலிக்க நிமிர்ந்துதான் பார்ப்பார்கள். படுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது அவளுக்குத்தான். அப்போது அவளுக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும். இருபது வந்ததும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். நானும் நின்றேன். மனைவியும் அம்மாவும் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். காவலுக்கு நின்ற அம்மா அவர்களையும் சுற்றிப் போகச் சொன்னார். கடைசியில் மகள் எழுந்து, "நாலு இருபதும் ஒரு பத்தும்," என்றாள். காவலுக்கு நின்றவர் அவள் கன்னத்தைக் கிள்ளி, மடியிலிருந்து ஒரு மட்டிப்பழம் எடுத்துக் கொடுத்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

ஊட்டுபுரை என்பது சாப்பாட்டுக் கூடம். மேலும் கீழுமாக இரண்டு தளம், ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர் உட்காரலாம். நீண்டு நீண்டு போகும் கூடம், ஆளுயரத்துக்குப் பக்கமாக வரும் சீனப் பரணிகள். அங்கேதான் அம்மா முதன்முதலாகக் கொட்டாரத்தில் வாய்மூடி நின்றதைப் பார்த்தேன்.

"இவ்ளோ பேர் சாப்பிட்டா பாத்திரம் யாரு கழுவுவா?" என்று மகள்தான் தொடங்கினாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொன்னாள்: "இலையில சாப்பிட்டிருப்பாவ." பிறகு, "அப்ப இலைய யாரு எடுப்பா?" பிறகு, "பாட்டி, அப்ப நம்ம வந்திருந்தா நமக்கும் சோறு உண்டா?"

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "இது பிராமணாளுக்குப் போட்ட சோறு மக்ளே. நம்மள மாதிரி ஆளுவள உள்ளயே விட்டிருக்க மாட்டாவ."

"ஏன்?"

அந்த ஏனுக்கு அம்மா அங்கே பதில் சொல்லவில்லை. வெளியே வந்து, குளத்துப் பக்கம் நிழலில் உட்கார்ந்தபிறகு ஒரு கதை சொன்னாள். நானே அதுவரை கேட்டிராத கதை. 1936 நவம்பரில் சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். அதற்குமுன் எங்களைப் போன்றவர்கள் பெரிய கோயில்களுக்குள் போக முடியாது. அம்மாவுக்கு அப்போது நான்கோ ஐந்தோ. பிரகடனம் வந்து சில நாளில் தாத்தா அவளைக் குளிப்பாட்டி, புதுப் பாவாடை உடுத்தி, தோளில் வைத்துக்கொண்டு சுசீந்திரம் கோயிலுக்குப் போயிருக்கிறார். நடந்தே. உள்ளே போனதும் தாத்தாவுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். கூட்டம் போன பக்கமே போயிருக்கிறார்கள். "எனக்கு சாமி ஞாபகம் இல்ல. அப்பாக்க தோள் நடுங்கிட்டே இருந்தது, அதுதான் ஞாபகம்," என்றாள் அம்மா.

மகள் மட்டிப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று டிக்கெட் வாங்கிச் செருப்பைக் கழற்றினால் யார் வேண்டுமானாலும் ராஜாவின் படுக்கையறை வரை போகலாம் என்பது எங்களுக்குச் சாதாரணம். அம்மாவுக்கு அது ஒருநாளும் சாதாரணமாக இருந்ததில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கொட்டாரத்துக்குக் கிளம்பும் நாளில் மட்டும் அவள் ஏன் பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள் என்பதும்.

மத்தியானச் சாப்பாடு உதயகிரிக் கோட்டையில். தக்கலைக்குப் பக்கத்தில்தான், நெடுஞ்சாலையை ஒட்டி. இப்போது வனத்துறை அதைப் பல்லுயிர்ப் பூங்காவாக வைத்திருக்கிறது. உயர்ந்த மரங்கள், மூலிகைச் செடிகள், நடக்க நல்ல பாதை. காலையில் வாழையிலையைத் தணலில் வாட்டி, சோறும் தேங்காய்த் துவையலும் முட்டையும் வைத்து மனைவி கட்டிய பொதி, பிரிக்கும்போது இலையும் துவையலும் சேர்ந்து ஒரு மணம் கிளம்பும். சாப்பிட்டபின் ஆளுக்கொரு முந்திரிக்கொத்து. அம்மா மரத்தடியிலேயே சேலைத் தலைப்பை விரித்துக் கண்ணயர்வாள்.

அங்கே கூரையில்லாத ஒரு பழைய தேவாலயச் சுவருக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர். பிடித்த ராஜாவுக்கே படைப்பயிற்சி கொடுக்கும் தளபதியாகி, 1777இல் இங்கேயே இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். மகள் அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தாள். கல்லறைமேல் குனிந்து, தெரிந்த எழுத்தைக் கண்டுபிடித்தால் அதன்மேல் ஒரு பூ வைப்பது என்று ஒரு விளையாட்டை அவளே உண்டாக்கினாள். ஏழு கடல் தாண்டி வந்து செத்த ஒருவரின் கல்லில் எங்கள் மகள் தமிழ் படித்தாள்.

இந்த வழக்கம் பிடித்துப்போனபிறகு லீவில் வேறு ஊர்களுக்கும் போனோம். மதுரையில் 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலில், நாங்கள் மூன்று பேர் கைகோத்தும் ஒரு தூணை முழுக்கச் சுற்ற முடியவில்லை. நாலாவதாக ஒரு பெரியவரை அவளே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஊட்டியில் 1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் பூவையெல்லாம் விட்டுவிட்டு, கல்லாகிப்போன மரத்துண்டின் முன் நின்றாள். இரண்டு கோடி வருடம் என்று பலகையில் இருந்தது. "இது மரமா, கல்லா?" என்று கேட்டாள். மரமாக இருந்த கல் என்றேன். "அதுக்குத் தெரியுமா?" என்றாள். நல்ல இடங்கள்தான். ஆனால் அங்கெல்லாம் ஒரே தடவைதான் போனோம். ஒரு தடவை பார்த்த இடம் படமாக நிற்கிறது. கொட்டாரம் அப்படியில்லை, எங்கள் வீட்டின் இன்னொரு அறைபோல ஆகிவிட்டது.

புரட்டாசியில் நவராத்திரிக்கு முன்னால் அங்கே இருக்கும் சரஸ்வதி யானைமேல் திருவனந்தபுரம் புறப்படுவாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூடப் போவார்கள். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளை எடுத்துக் கைமாற்றிக் கொடுக்கும் சடங்கு நடக்கும். கம்பர் வணங்கிய சரஸ்வதி அது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒரு வருடம் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். தூறல். யானை எங்களைத் தாண்டும்போது தோளில் அவள் கால்கள் இறுகின. எனக்குச் சாமி சரியாகத் தெரியவில்லை. கழுத்தைச் சுற்றி இருந்த அந்த இரண்டு ஈரக் கால்களின் நடுக்கம் நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்தில் நின்ற அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

படங்கள் என்று பார்த்தால் மூன்றுதான் இருக்கின்றன. 36 படம் எடுக்கும் ஃபிலிம் சுருள் ஒன்று வாங்கினால் ஒரு வருடம் வரும். பிறந்தநாள், பொங்கல், கல்யாணம் போக மீதிதான் ஞாயிற்றுக்கிழமைக்கு. அரண்மனைக்குள் கேமராவுக்குத் தனிக் கட்டணம் வேறு. ஒரு படத்தில் அம்மாவின் பாதித் தோள், ஒன்றில் வெறும் கூரை, ஒன்றில் மகள் அந்த உருண்டைக் கல்லோடு. இப்போது போனால் ஒவ்வொரு தூணின் முன்னும் கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளையைத் தரையில் கொஞ்ச நேரம் படுக்கவிட்டால் போதும்.

திரும்பும் வழியில் இரணியல் பக்கம் அம்மா வீட்டில் இறங்கிக் காப்பி குடித்துவிட்டுப் போவது வழக்கம். நடுவில் முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், பலகைச் சுவர் வைத்த அறை, அதற்குள் பத்தாயம். அறுவடைக்கு முன்னால் பெட்டி காலியாக இருக்கும். மகள் அதற்குள் ஏறிக் குதித்து மூடியைச் சாய்த்துக்கொள்வாள். அதுதான் அவளுடைய கொட்டாரம். உள்ளே இருந்து ராஜா கட்டளைகள் வரும். வெளியே அம்மா மந்திரியாக நின்று, "உத்தரவு மகாராஜா," என்று பலகாரம் நீட்டுவாள். கூரையில் தாமரை இல்லாத கொட்டாரம் எப்படி? ஆணி எங்கே கிடைத்ததோ, எந்த ஞாயிறோ தெரியவில்லை. ஒன்று செதுக்கியிருக்கிறாள். இன்னும் 89 பாக்கி.

ஓட்டு வீட்டைக் காப்பாற்றுவது கஷ்டமான காரியம். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதி மழைக்கு முன்னால் ஆளைக் கூப்பிட்டு ஓட்டை எல்லாம் இறக்கி, உடைந்ததை மாற்றி, மறுபடி அடுக்க வேண்டும். இரண்டு கூரை சேரும் மூலையில் ஓர் ஓடு விலகினால் போதும், தண்ணீர் உத்தரத்துக்குள் இறங்கிவிடும். ஈரம் கண்ட இடத்துக்குக் கறையான் தானே வழி கண்டுபிடித்து வரும். அம்மா வருடம் தவறாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஓடு மாற்ற வைத்தாள். அவள் போனபிறகு இரண்டு மழைக்காலம் யாரும் ஏறிப் பார்க்கவில்லை. நானும் போகவில்லை. அலுவலகம், மகளின் பரீட்சை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி வைத்தேன். மூன்றாம் வருடம் தெற்குக் கட்டு சரிந்தது. அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி, இடித்துவிடலாம் என்றார்கள். நானும் சரி என்றுதான் சொன்னேன். பழைய மரம் எடுப்பவர்கள் வந்து கதவு, நிலை, உத்தரம், கழுக்கோல் எல்லாவற்றையும் எண்ணி லாரியில் ஏற்றினார்கள். பத்தாயத்தை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மகளுக்கு அப்போது பத்து வயது. லாரி போனபிறகு கேட்டாள்: "கொட்டாரத்த மட்டும் ஏன் இடிக்கல?"

"அது ராஜா இருந்த வீடு."

"இதுல பாட்டி இருந்தாவளே."

அவளுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. ராஜா வீடு என்பதாலேயே ஒன்று நின்றுவிடாது என்று இன்று சொல்லலாம். அதே இரணியலில் வேணாட்டு ராஜாக்களின் பழைய அரண்மனை கேட்பாரற்றுக் கூரை சரிந்து, செடி முளைத்து, பல காலம் கிடந்தது. பத்மநாபபுரம் நிற்கிறதென்றால், ஒவ்வொரு மழைக்கு முன்னும் யாரோ கூரையில் ஏறியதால் நிற்கிறது. ஒவ்வொரு காலையும் யாரோ அந்தக் கறுப்புத் தரையைக் குனிந்து துடைப்பதால் மின்னுகிறது. இலையை யாரு எடுப்பா என்று ஊட்டுபுரையில் கேட்ட குழந்தைக்கு இது அன்றே தெரிந்திருக்கிறது. ஓர் ஓட்டை மாற்ற நான் ஏறியிருக்கலாம். ஏறியிருக்க வேண்டும்.

மகள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். போன வருடம் வந்தபோது பேத்தியைக் கூட்டிக்கொண்டு கொட்டாரத்துக்குப் போனோம். அந்த உருண்டைக் கல் இருந்தது. மகள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரண்டு கையையும் அதன்மேல் வைத்தாள். முக்கவில்லை. சும்மா வைத்திருந்துவிட்டு எடுத்தாள். பூமுகத்தில் பேத்தி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே பார் என்று நான் சொல்லப்போனேன். மகள் என் கையை அழுத்தி நிறுத்தினாள். குழந்தை தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சின்ன முகம் அவளையே நிமிர்ந்து பார்த்தது. அன்று நாங்கள் பூமுகத்தைத் தாண்டவில்லை.

ஆசாரி இழைப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "இத இழைச்சிரட்டா அண்ணாச்சி? ரெண்டு ஓட்டு ஓட்டினா போயிரும்."

"வேண்டாம். இருக்கட்டும்."

"அப்ப இந்தப் பலகைய மேல வைக்கேன். எல்லாருக்கும் தெரியும்படி வார்னிஷ் அடிச்சு விட்டுருவோம்."

நான் அந்தத் திரும்பிய 'அ'வை விரலால் தடவிப் பார்த்தேன். பள்ளத்தில் இன்னும் நெல் தூசி இருந்தது.

"பூ அடிப்பக்கம் வாற மாதிரி வச்சிருங்க," என்றேன்.

"அடியிலயா? அங்க யாரு பாப்பா?"

பேத்திக்கு மூன்று வயது முடியப்போகிறது. அடுத்த மாதம் வருகிறாள்.